'வேண்டாம்' என்பவர் 'யெஸ்' போட வேண்டிய தேர்தல்

கலிபோர்னியாவில் 2022 நவம்பர் தேர்தல் முடிந்து இரண்டு நாள் இருக்கும். எங்கள் தெருவில் இருக்கும் மாமி ஒருவர் காலை நடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கொடுத்த தாள் ரொம்ப உபயோகமா இருந்துது. அந்தச் சிகரெட் சமாசாரத்துக்கு நான் நோ போட்டுட்டேன்" என்றார், சந்தோஷமாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எதற்கு எப்படி ஓட்டுப் போடலாம் என்று எங்கள் குழு அச்சடித்துக் கொடுக்கும் பரிந்துரைத் தாள் அது. அதில் போடச் சொன்னது யெஸ்.

மாமி மேல் ஒரு தப்பும் இல்லை. அது புரொப் 31. புரொப் என்றால் புரொபொசிஷன், ஒரு சட்டம் வேண்டுமா என்று மக்களிடமே நேரடியாக ஓட்டுக் கேட்பது. வாசனையும் ருசியும் சேர்த்த புகையிலைப் பொருள்களில் பெரும்பாலானவற்றைக் கடைகளில் விற்கக் கூடாது என்று 2020-இல் கலிபோர்னியா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. புகையிலை கம்பெனிகள் உடனே கையெழுத்து திரட்டி, இதை மக்கள் ஓட்டுக்கு விடுங்கள் என்று சட்டத்தை நிறுத்திவைத்தன. ஆக 2022 ஓட்டுச்சீட்டில் இருந்த கேள்வி, அந்தத் தடைச் சட்டம் இருக்கட்டுமா என்பது. யெஸ் போட்டால் தடை இருக்கும், நோ போட்டால் தடை போய்விடும். நாங்கள் தமிழ்த் தாளில் என்ன எழுதினோம்? "வாசனைப் புகையிலை வேண்டாம் – யெஸ்." ஒரே வரி. தமிழில் யோசிக்கிற யாருக்கும் வேண்டாம் என்றால் நோதான். மாமி 'வேண்டாம்' வரைக்கும் படித்தார், நோ கட்டத்தைக் கறுப்பாக்கினார், உறையை ஒட்டினார்.

நல்லவேளை, 63 சதவீதம் பேர் யெஸ் போட்டு அது ஜெயித்தது. ஆனால் மாமி போல இன்னும் எத்தனை பேர் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அந்தத் தாளை எழுதியவன் நான்தான்.

நான் இருப்பது சான்டா கிளாரா கவுண்டியில், கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. எங்கள் குழு என்பது பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை, இருபது சொச்சம் பேர், நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் அறையில் கூடுவோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் 2016-இல் ஆரம்பித்தது. அந்த வருடம் மாநில அளவில் மட்டும் 17 புரொப், மாநிலம் அனுப்பிய விளக்கப் புத்தகம் 224 பக்கம். வேலைக்குப் போய், பிள்ளையைக் கூட்டி வந்து, சோறு வடித்த பிறகு யார் அதைப் படிப்பார்கள்? ஆளுக்கு இரண்டு புரொப் எடுத்துப் படித்து மற்றவர்களுக்குச் சொல்வோம் என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள். அப்புறம் அக்கம்பக்கத்தார் "எங்களுக்கும் கொடுங்களேன்" என்று கேட்க, பரிந்துரைத் தாள் ஆகிவிட்டது. நான் 2020-இல் சேர்ந்தேன். தமிழ்த் தாள் என் யோசனை. பிள்ளைகளோடு வந்து தங்கி, குடியுரிமை வாங்கி, ஓட்டும் போடுகிற அப்பா அம்மாக்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. மாநிலப் புத்தகம் இந்தியில் வருகிறது, தமிழில் வருவதில்லை.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஓட்டு என்பது ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு முடிவதில்லை. 1911-இல், ரயில்வே கம்பெனி சட்டமன்றத்தையே கையில் வைத்திருக்கிறது என்ற கோபத்தில், ஹைரம் ஜான்சன் கவர்னராக இருந்தபோது மக்களே சட்டம் கொண்டுவரலாம், சட்டத்தை நிறுத்தலாம் என்று அரசியலமைப்பைத் திருத்தினார்கள். போன கவர்னர் தேர்தலில் விழுந்த ஓட்டில் 5 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து இருந்தால் ஒரு சட்டத்தை ஓட்டுக்குக் கொண்டுவரலாம், அரசியலமைப்பையே திருத்த 8 சதவீதம். 2024 கணக்கில் அது 5,46,651 கையெழுத்தும் 8,74,641 கையெழுத்தும். மளிகைக்கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக நிற்பவர்களில் பலருக்குக் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. ரயில்வே பணத்துக்கு எதிராக வந்த கதவு வழியாக இப்போது யார் பணம் உள்ளே வருகிறது என்பது தனிக்கதை. மாநில விஷயங்களுக்கு எண், புரொப் 31 என்பது போல. ஊர், கவுண்டி, பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) ஆகியவற்றின் விஷயங்களுக்கு எழுத்து, மெஷர் ஏ, மெஷர் பி என்று.

மாமி சம்பவத்துக்குப் பிறகு நான் செய்த முதல் வேலை, தாளில் 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொல்லையும் தூக்கியது. இப்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. "யெஸ் ஜெயித்தால் மறுநாளிலிருந்து என்ன மாறும்." "நோ ஜெயித்தால் என்ன மாறும், அல்லது மாறாது." அதற்குக் கீழேதான் எங்கள் பரிந்துரை. இது என் கண்டுபிடிப்பு இல்லை, மாநிலப் புத்தகத்திலேயே யெஸ் போட்டால் என்ன, நோ போட்டால் என்ன என்று தனியாக எழுதியிருக்கும். நாங்கள்தான் இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை வெட்டியிருந்தோம். ஒரு தாளில் அடக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே, அது பொல்லாதது. இப்போது மூன்று தாள், எழுத்தும் பெரிது.

மொழிபெயர்ப்பில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். பள்ளிக் கட்டடங்களுக்காகப் பள்ளி மாவட்டம் கடன் வாங்குவதற்கு இங்கே பாண்ட் என்று பெயர். நான் அகராதி பார்த்து 'பத்திரம்' என்று போட்டேன். ஒரு தாத்தா போன் செய்து, "ஸ்கூல் பத்திரம் ஏதோ ரிஜிஸ்டர் பண்ணணுமா, நம்ம வீட்டுப் பத்திரம் கேப்பாங்களா?" என்றார். பார்சல் டாக்ஸ் இன்னும் மோசம். பார்சல் என்றால் இங்கே மனை. ஒரு மனைக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று போடும் வரி அது. நான் அவசரத்தில் 'பார்சல் வரி' என்று அப்படியே எழுதிவிட்டேன். ஓட்டலில் சாப்பாடு கட்டி வாங்கினால் வரியா என்று மூன்று பேர் கேட்டார்கள், ஒருவர் அமேசான் பெட்டிக்கா என்றார். இப்போது 'பள்ளிக் கட்டடத்துக்குக் கடன்', 'மனைக்கு இவ்வளவு என்ற வரி' என்று நீட்டி எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் போன் வருவதில்லை.

2024-இல் புரொப் 6 வந்தபோது இந்தச் சொல் விவகாரம் வேடிக்கையாக இல்லை. அடிமைத்தனத்தைத் தடை செய்யும் கலிபோர்னியா அரசியலமைப்பு, குற்றத்துக்குத் தண்டனை என்றால் மட்டும் ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராக வேலை வாங்கலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறது. அதை அடைப்பதுதான் புரொப் 6. விளக்கப் புத்தகத்தில் எதிர்த்து ஒருவர்கூட வாதம் எழுதித் தரவில்லை. அப்படியும் தோற்றது. அதே தேர்தலில் பக்கத்து மாநிலமான நெவாடாவில் கிட்டத்தட்ட இதே திருத்தம் ஜெயித்தது. அங்கே சீட்டில் 'அடிமைத்தனம்' என்ற சொல்லே இருந்தது, இங்கே சீட்டில் இருந்தது 'இன்வாலன்டரி செர்விட்யூட்' என்ற சட்டப் புத்தகத்து இரட்டைச் சொல், இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ளவர்களே இரண்டு தடவை படிக்க வேண்டிய சொல். தோல்விக்கு அது மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்த வருடம் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் புரொப் 36 அமோகமாக ஜெயித்த காற்றும் சேர்ந்து அடித்தது. ஆனால் எங்கள் தமிழ்த் தாளில் 'கொத்தடிமை வேலை' என்று போட்டோம், விளக்கம் கேட்டு ஒருத்தரும் போன் செய்யவில்லை.

சரி, பரிந்துரை எப்படி முடிவாகிறது என்பதற்கு வருகிறேன். சண்டை எல்லாம் இங்கேதான்.

ஆரம்பத்தில் பாதிக்கு மேல் கை தூக்கினால் பரிந்துரை என்று வைத்திருந்தோம். 2024-இல் புரொப் 33 வந்து அதை உடைத்தது. 1995-இலிருந்து கலிபோர்னியாவில் ஒரு சட்டம் இருக்கிறது, காஸ்டா-ஹாக்கின்ஸ் என்று. தனி வீடுகளுக்கும், அந்த வருடம் பிப்ரவரி 1-க்குப் பிறகு கட்டிய கட்டடங்களுக்கும் ஊர் நிர்வாகம் வாடகைக் கட்டுப்பாடு போட முடியாது என்பது அதில் முக்கியமானது. அந்தச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்றது புரொப் 33. எங்கள் அறையில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள், பாதிப் பேர் வீடு வாங்கியவர்கள். இரண்டரை மணி நேரம் பேசினோம். 11-க்கு 9 என்று ஒரு பக்கம் சாய்ந்தது, எந்தப் பக்கம் என்று சொல்லப்போவதில்லை. தாள் அச்சுக்குப் போகும் முன், அந்தப் பத்தியை எழுதிய நண்பருக்கு இன்னோர் ஊரில் வாடகைக்கு விட்ட வீடு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவர் மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ராத்திரி வாட்ஸ்அப்பில் ஓடிய சண்டையில் இரண்டு பேர் குழுவை விட்டே போனார்கள். ஒருவர் இன்னும் எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

அதற்குப் பிறகு வைத்த வழக்கம்: மூன்றில் இரண்டு பங்கு சேராவிட்டால் பரிந்துரை கிடையாது, "எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை" என்று எழுதி இரண்டு தரப்பையும், அந்தத் தரப்பு ஆளே எழுதியதாக, நாலு நாலு வரி போடுவது. பேச ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும், "எனக்கு வாடகை வீடு இருக்கிறது", "என் மனைவி அந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறாள்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பேசக் கூடாது என்று இல்லை, தாராளமாகப் பேசலாம், அந்தப் பத்தியை மட்டும் வேறொருவர் எழுதுவார். பரிந்துரை இல்லை என்று போட்டால் மக்கள் நம்மைக் கோழை என்று நினைப்பார்கள் எனப் பயந்தோம். நடந்தது வேறு. "இதுலதான் நீங்க நிஜமா பேசியிருக்கீங்க" என்று ஒரு பையன் சொன்னான், முதல் தடவை ஓட்டுப் போடுபவன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது எங்கள் குழுவில் என் வேலை ஆகிவிட்டது. மாநில அரசின் தேர்தல் நிதிப் பதிவுகள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. ஒரு புரொப்பின் எண்ணைப் போட்டுத் தேடினால் ஆதரவுக்கு யார் எவ்வளவு, எதிர்ப்புக்கு யார் எவ்வளவு என்று வந்துவிடும். அரை மணி நேர வேலை, வாதங்களை ஆறு மணி நேரம் படிப்பதைவிட அதிகம் சொல்லும். 2024-இல் புரொப் 34 என்று ஒன்று, மேலோட்டமாகப் பார்த்தால் மருந்துத் தள்ளுபடியில் வரும் வருமானத்தை நோயாளிகளுக்கே செலவிட வேண்டும் என்ற நல்ல பிள்ளை போல இருந்தது. பணம் போட்டது யார் என்று பார்த்தால், அடுக்குமாடிக் கட்டட உரிமையாளர் சங்கம். அவர்களுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்? வாடகைக் கட்டுப்பாட்டுக்காக 2018, 2020, 2024 என்று மூன்று தடவை புரொப் கொண்டுவந்தது எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்கும் ஒரு பெரிய அறக்கட்டளை. அதன் கையைக் கட்டுவதற்குத்தான் 34 என்பது அப்போது ஊரறிந்த செய்தி. இதைப் படித்துவிட்டு நீங்கள் எப்படி வேண்டுமானாலும் போடலாம், அந்த அறக்கட்டளை செலவழிக்கும் விதம் சரியில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தெரிந்து போடுங்கள். அது மயிரிழையில் ஜெயித்தது.

பணம் என்றதும் இன்னொன்று. அக்டோபர் மாதம் தபால்பெட்டியில் வழவழ அட்டைகள் வந்து குவியும். ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், முதியோர் என்று யார் பெயரிலோ "எங்கள் பரிந்துரைகள்" என்று ஒரு பட்டியல். அதில் பெயருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இடம் காசு கொடுத்து வாங்கப்பட்டது என்று அர்த்தம், கலிபோர்னியா சட்டப்படி அந்தக் குறியைப் போட்டே ஆக வேண்டும். அடிக்குறிப்பில் எறும்பு எழுத்தில் அதையும் சொல்லியிருப்பார்கள். எங்கள் தாளும் பார்க்கப் பட்டியல்தானே, எப்படி வித்தியாசம் காட்டுவது? தாளின் தலையிலேயே மூன்று வரி போட்டோம்: எத்தனை பேர் கூடினோம், அச்சுக்கு எவ்வளவு செலவு, அதை யார் கொடுத்தார்கள். அச்சுச் செலவை ஆளுக்குப் பத்து டாலர் என்று நாங்களே போட்டுக்கொள்கிறோம். வெளியில் நன்கொடை வாங்குவதில்லை. ஒரு வருடத்தில் 2,000 டாலரைத் தொட்டால் பிரச்சாரக் குழுவாகப் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும், அந்தத் தலைவலி எங்களுக்கு வேண்டாம்.

தாளைக் கொடுக்க ஒரு தமிழ் அமைப்பிடம் போனபோது, "அரசியல் எல்லாம் வேண்டாங்க, வரிவிலக்கு போயிடும்" என்றார்கள். பாதி சரி. வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது, கறாரான விதி. புரொப், மெஷர் போன்றவை அப்படி இல்லை. அவை சட்டம் இயற்றுவதில் கருத்துச் சொல்வதாகக் கணக்கு, ஓர் அளவுக்கு உட்பட்டுச் செய்யலாம். இதைக் கணக்காளர் ஒருவர் பொறுமையாக விளக்கிய பிறகு சம்மதித்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? கடைசி நேரத்தில் ஒருவர் ஆர்வக்கோளாறில் தாளின் அடியில் பள்ளி வாரியத்துக்கு நிற்பவர் ஒருவர் பெயரையும் சேர்த்துவிட்டார். அவர்கள் கட்டோடு திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியது நியாயம். 300 தாள் பழைய பேப்பருக்குப் போனது.

மாநில விஷயங்களைவிட உள்ளூர் மெஷர்களில்தான் எங்கள் தாளுக்கு மதிப்பு என்று நினைக்கிறேன். புரொப்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும். உங்கள் பள்ளி மாவட்டத்து மனை வரியைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்? இங்கே எத்தனை ஓட்டு வேண்டும் என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறு. பள்ளிக் கடனுக்கு 55 சதவீதம் போதும், 2000-இல் மாற்றினார்கள். பள்ளி மாவட்டமே கொண்டுவரும் மனை வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100-க்கு 66 பேர் சரி என்றாலும் தோற்கும். இது 1978 புரொப் 13-இன் வாரிசு. அதே புரொப் 13-ஆல்தான் சொத்து வரி, வாங்கிய விலையை வைத்து ஒரு சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 2 சதவீத மதிப்பு உயர்வு என்று உறைந்து நிற்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் எண்பதுகளில் வாங்கியவர், ஒரே மாதிரி வீடு, அவர் கட்டுவது என் வரியில் ஒரு துண்டு.

இதில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்தோம். கடன் மெஷருடன் வரும் விவரத்தில் "1,00,000 டாலர் மதிப்புக்கு வருடத்துக்கு இவ்வளவு" என்று இருக்கும். நான் அதை இன்றைய சந்தை விலையோடு பெருக்கி, 'சராசரி வீட்டுக்கு இவ்வளவு' என்று தாளில் போட்டேன். பயந்துபோய் நிறையப் பேர் போன் செய்தார்கள். மதிப்பு என்பது வரிச்சீட்டில் இருக்கும் மதிப்பு, வீடு விற்கும் தளத்தில் காட்டும் விலை இல்லை. பழைய வீட்டுக்காரர்களுக்குத் தொகை நான் போட்டதில் கால்வாசிகூட வராது. இப்போது தொகையே போடுவதில்லை, "உங்கள் வரிச்சீட்டை எடுத்து இந்த வரியைப் பாருங்கள், இதோடு பெருக்குங்கள்" என்று வழி மட்டும் சொல்கிறோம். இன்னொரு விஷயம், மனை வரிகள் பலவற்றில் 65 வயதுக்கு மேல் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் தானாக வராது, பள்ளி மாவட்டத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், சில இடங்களில் வருடாவருடம். இந்த ஒரு வரிக்கு வந்த நன்றி, எங்கள் மொத்தப் பரிந்துரைகளுக்கும் வந்ததில்லை.

தேதி விஷயத்தில் சூடு பட்ட பிறகுதான் புத்தி வந்தது. தேர்தலுக்கு 29 நாள் முன்பே எல்லாருக்கும் ஓட்டுச்சீட்டு தபாலில் கிளம்பிவிடுகிறது. 2024-இல் எங்கள் தாள் அக்டோபர் 20-ஆம் தேதி வந்தது, அதற்குள் பெரியவர்கள் பாதிப் பேர் போட்டு அனுப்பிவிட்டார்கள். பில் வந்த அன்றே கட்டிவிடுகிற தலைமுறை அவர்கள், ஓட்டையும் அப்படித்தான் செய்வார்கள். இப்போது செப்டம்பர் கடைசி வாரத்தில் தாள் தயார். அதோடு ஒரு துண்டுச் சீட்டு: உறைமேல் போடும் கையெழுத்து, பதிவில் இருக்கும் கையெழுத்து போலவே இருக்கட்டும். லைசென்ஸுக்கு இங்கிலீஷில் போட்டுவிட்டு உறையில் அழகாகத் தமிழில் போட்ட தாத்தா ஒருவருக்குக் கவுண்டியிலிருந்து கடிதம் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, அதோடு வரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு உரிய நாளுக்குள் அனுப்பினால் ஓட்டு எண்ணப்படும், அவருடையதும் எண்ணப்பட்டது. நேரில் போய்ப் போடுபவர்கள் எங்கள் தாளைத் தங்கள் குறிப்பாகப் பையில் கொண்டுபோகலாம், ஆனால் அங்கே யாருக்கும் காட்டவோ கொடுக்கவோ கூடாது, 100 அடிக்குள் பிரச்சாரம் குற்றம். பெற்றோர் சீட்டை உட்கார்ந்து 'உதவி' என்ற பெயரில் தாங்களே நிரப்பும் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இங்கே வேண்டாம்.

மாமி இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். ஓட்டெடுப்புக்கு வருவதில்லை, அவர் வேலை வேறு. தமிழ்த் தாளின் வரைவை அச்சுக்கு முன் முதலில் படிப்பவர் அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால், நான் எதுவும் விளக்காமல், ஒவ்வொன்றுக்கும் யெஸ் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் தப்பு தாளில்.

2025 நவம்பரில் மாநில அளவில் ஒரே ஒரு புரொப்தான் வந்தது, 50. டெக்சாஸ் தொகுதிகளை மாற்றி வரைந்ததற்குப் பதிலடியாக, கலிபோர்னியாவும் 2030 வரை காங்கிரஸ் தொகுதிகளுக்குப் புது வரைபடம் வைத்துக்கொள்வதா, அல்லது குடிமக்கள் ஆணையம் வரைந்த பழைய வரைபடமே இருப்பதா என்பது கேள்வி. ஒன்றுதானே, சுலபம் என்று நினைத்து வரைவை மாமியிடம் நீட்டினேன். யெஸ் என்றால் புதுப் படம், நோ என்றால் பழைய படம் என்று சரியாகச் சொன்னார். நான் நிம்மதியாக எழுந்தேன்.

"அதெல்லாம் புரிஞ்சுது. ஆனா காங்கிரஸ் தொகுதின்னு போட்டிருக்கியே, அது எந்தக் காங்கிரஸ்? நம்மூர் கட்சிக்கு இங்க என்னடா வேலை?"

உட்கார்ந்து திரும்பவும் எழுதினேன்.